பத்திரத்தில் உள்ள பவுண்டரி தரையில் எங்கே இருக்கிறது? வடசென்னை மனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வீடோ மனையோ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே டேப்பைப் பிடித்துக்கொண்டு அளக்க நிற்கிறார்கள். அளப்பது கடைசியில் வரவேண்டிய வேலை. எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர்வரை அளக்க வேண்டும் என்று பத்திரம்தான் சொல்லும். அது தெரியாமல் அளந்தால் கையில் ஒரு எண் இருக்கும், அந்த எண் எதனுடையது என்று தெரியாது.

ஆகவே முதலில் காகிதம், அடுத்து பக்கத்து வீட்டுக் காகிதம், அப்புறம் சர்வே ஆவணம், கடைசியில் தரை. கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின்மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்), சர்வே ஆவணம். இவ்வளவும் இல்லாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

தாய்ப் பத்திரம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் பழைய செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, பார்த்து அப்படியே எழுதுவார்கள். நடுவில் யாராவது ஒருவர் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதியிருந்தால், அதற்குப் பிறகு வந்த எல்லாப் பத்திரத்திலும் அந்தப் பிழை தொடரும். கடைசிப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் அது பிழை என்றே தெரியாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இணையத்தில் இல்லாத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். விற்பவர் தரும் ஜெராக்ஸை நம்பி இருக்காமல், பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலை நீங்களே வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டு ஒரு திசையே காணாமல் போயிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

2. ஷெட்யூலை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். ஆங்கிலப் பத்திரமானால் ஷெட்யூல். அதைக் கைப்பட எழுதிக்கொள்ளுங்கள். படிக்கும்போது தாண்டிப் போகும் சொல், எழுதும்போது மாட்டும்.

வடசென்னையில் பாகப்பிரிவினை ஆன வீடுகள் ஏராளம். அந்தப் பத்திரங்களில் ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று இரண்டு இருக்கும். ஏ என்பது பெரும்பாலும் முழுச் சொத்து. பி என்பது உங்களுக்கு விற்கப்படும் பகுதி. புதிதாகப் பார்ப்பவர்கள் ஏ ஷெட்யூலில் உள்ள நான்கெல்லையை எடுத்து பி ஷெட்யூலின் அளவோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் எதுவும் பொருந்தாது, இடம் குறைகிறது என்று தேவையில்லாத சண்டை வரும். பி ஷெட்யூலுக்குத் தனிச் செக்குபந்தி எழுதப்படவே இல்லை என்றால், அதுதான் உண்மையான பிரச்சினை. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அடுக்குமாடி ஃபிளாட் என்றால் செக்குபந்தி முழு மனைக்கும் உரியது. உங்களுக்கு இருப்பது அதில் பிரிக்கப்படாத பங்கு. ஃபிளாட்டின் நான்கு சுவரை அந்த எல்லையோடு ஒப்பிட வேண்டாம்.

3. திசைச் சொல்லைச் சரியாகப் படியுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழ்ப் பத்திரங்களில் நான்கெல்லை இரண்டு விதமாக எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் விதம்: “வடக்கில் தெரு, தெற்கில் 14ஆம் நம்பர் வீடு, கிழக்கில் பொதுச் சந்து, மேற்கில் 9ஆம் நம்பர் வீடு.” நம் மனையில் நின்று வடக்கே பார்த்தால் தெரு. இதில் குழப்பமில்லை.

இரண்டாவது விதம்: “தெருவுக்குத் தெற்கு, 14ஆம் நம்பர் வீட்டுக்கு வடக்கு, பொதுச் சந்துக்கு மேற்கு, 9ஆம் நம்பர் வீட்டுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள மனையும் கட்டடமும்.” இங்கே சொல்லப்படும் திசை, அந்தப் பொருளிலிருந்து பார்த்தால் நம் மனை இருக்கும் திசை. தெருவுக்குத் தெற்கில் நம் மனை. ஆகவே தெரு நமக்கு வடக்கில். இரண்டு எடுத்துக்காட்டும் ஒரே மனைதான்.

இரண்டாவது விதத்தை முதல் விதமாகப் படித்தால் மனை அப்படியே திரும்பிப் போய்விடும். தெருவின் தென் வரிசையில் இருக்கும் வீட்டை வட வரிசையில் தேடுவீர்கள். ஒரே மாதிரி அகலமுள்ள வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய தெருவில், எதிர் வரிசை வீடும் ஏறத்தாழப் பொருந்துவதுபோலத் தெரியும். அதுதான் ஆபத்து.

“க்கு” என்ற உருபு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். தெருவோடு ஒட்டி “தெருவுக்கு” என்று வந்தால் இரண்டாவது விதம். திசையோடு “இல்” வந்தால் முதல் விதம். ஒரே பத்திரத்தில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அப்போது ஒவ்வொரு வரியாகப் பிரித்து, எல்லாவற்றையும் முதல் விதத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சதுரம் போட்டு நான்கு பக்கமும் பெயர் எழுதுங்கள். அந்தப் படம் கடைசிவரை உங்கள் கையில் இருக்கட்டும்.

அளவுகள் எழுதும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “கிழமேல் வடபுறம் 20 அடி” என்றால், கிழக்கு மேற்காக ஓடும் கோடு, மனையின் வடக்குப் பக்கத்தில், 20 அடி. “தென்வடல் கீழ்புறம் 50 அடி” என்றால், தெற்கு வடக்காக ஓடும் கோடு, கிழக்குப் பக்கத்தில், 50 அடி. கீழ்புறம் என்பது கிழக்கு, மேல்புறம் என்பது மேற்கு. இளையவர்கள் சிலர் மேல்புறம் என்றதும் மாடி என்று நினைத்துவிடுகிறார்கள்.

4. ஆங்கிலப் பத்திரத்தில் பவுண்டரி எப்படி வரும்

பழைய சென்னை நகர எல்லைக்குள் இருந்த பகுதிகளில் ஆங்கிலப் பத்திரங்கள் நிறைய. “பவுண்டட் ஆன் தி நார்த் பை” என்று தொடங்கும். “பை” என்பதற்குப் பின்னால் வருவது நம் மனைக்கு வெளியே இருப்பது. அதைத் தொட்டதும் நம் மனை முடிகிறது. “பவுண்டட் ஆன் தி ஈஸ்ட் பை காமன் பாசேஜ்” என்று இருந்தால் கிழக்கில் பொதுச் சந்து. எல்லை என்று எழுதியிருப்பதால் மட்டும் சந்தில் நடக்கும் உரிமை வந்துவிடாது. அந்த உரிமையைத் தனியாக ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கழிவுநீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் அந்தச் சந்து வழியாகத்தான் வரும் என்றால், அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்துதான் வீடே குடியிருக்கத் தகுந்ததா என்பது.

“அபட்டிங்” என்றால் ஒட்டியிருப்பது. “பார்ட்டி வால்” என்றால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். “மோர் ஆர் லெஸ்” என்றால் சற்று ஏறக்குறைய. சில அங்குல வித்தியாசத்துக்கு இடம் விடும் சொல் அது. இரண்டு மூன்று அடி காணாமல் போனதற்கு விற்பவர் இதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

“லிமிட்” என்ற சொல்லையும் பவுண்டரியையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “வடசென்னை பதிவு மாவட்டம், ராயபுரம் சார்பதிவக எல்லைக்கு உட்பட்டது” என்பது எந்த அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. உங்கள் மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

5. பழைய பெயர்களுக்கு இன்றைய பெயர் கண்டுபிடியுங்கள்

பத்திரத்தில் இருக்கும் எல்லை, அது எழுதப்பட்ட நாளின் எல்லை. “வடக்கில் இன்னார் வீடு” என்று இருந்தால், அந்த இன்னார் விற்று, அதை வாங்கியவரும் விற்றிருப்பார். தெருப் பெயரில் இருந்த சாதிப் பெயர் எடுக்கப்பட்டிருக்கும். கதவு எண் மாறியிருக்கும், சென்னையில் பு.எண், ப.எண் என்று இரண்டு எண் ஓடுவது எல்லாருக்கும் தெரியும். பத்திரத்தில் உள்ள 14, பழைய 14ஆ புதிய 14ஆ என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கவேண்டாம். சொத்துவரி ரசீதுகளைப் பழையதும் புதியதுமாக வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மாதவரம் பகுதிகளில் மாவட்டமே மாறியிருக்கிறது. 1997க்கு முந்தைய பத்திரங்களில் செங்கல்பட்டு பெயர் வரும், அதற்குப் பிறகு திருவள்ளூர் மாவட்டம், 2018க்குப் பிறகு சென்னை மாவட்டம். இந்தப் பகுதிகள் மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல். ஒரே மனை மூன்று மாவட்டப் பெயரில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் தொடர்ந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய நகரப் பகுதியில் ஓ.எஸ். நம்பர், ஆர்.எஸ். நம்பர், சி.சி. நம்பர் என்று வரிசையாக வரும். முதலாவது பழைய சர்வே எண், அடுத்தது மறுசர்வே எண், மூன்றாவது கலெக்டர் சர்டிபிகேட் எண். இன்றைய ஆவணத்தோடு ஒப்பிட மறுசர்வே எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

6. பக்கத்து வீட்டுப் பத்திரத்தை எடுங்கள்

இந்தப் படியை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பலன் தருவது.

உங்கள் பத்திரத்தில் தெற்கு எல்லை 14ஆம் நம்பர் வீடு என்றால், அந்த வீட்டின் பத்திரத்தில் வடக்கு எல்லை உங்கள் வீடாக இருக்க வேண்டும். அங்கே “வடக்கில் இரண்டடிச் சந்து” என்று இருந்தால், அந்தச் சந்து எங்கே? உங்கள் வீட்டுக் குளியலறைக்கு அடியில் இருக்கலாம். விற்பவர் பத்திரத்தை எத்தனை முறை படித்தாலும் இது வெளியே வராது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் தருவார் என்று நினைக்க வேண்டாம். கேட்டதும் சந்தேகம்தான் வரும். பதிவான கிரயப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் மனு கொடுத்து, கட்டணம் செலுத்தி வாங்கலாம். அந்த வீட்டின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால் பத்திர எண் கிடைக்கும். நான்கு பக்கமும் எடுப்பது நல்லது. செலவைப் பார்ப்பவர்கள் சுவர் ஒட்டியிருக்கும் பக்கங்களையாவது எடுத்துவிடுங்கள்.

7. சர்வே ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

நகர்ப் பகுதிக்கு டி.எஸ்.எல்.ஆர்., அதாவது நகர நில அளவைப் பதிவேடு. வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) தெரிந்தால் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். கிராமக் கணக்காக இருந்த இடங்களுக்குப் பட்டாவும் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடமும்.

முதலில் வகைப்பாட்டைப் பாருங்கள், அளவை அப்புறம் பார்க்கலாம். அரசு புறம்போக்கு என்றோ கோயில் பெயரிலோ இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வக்கீலிடம் போங்கள். பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்து மனைகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம். கால்வாயை எல்லையாக எழுதியிருக்கும் பத்திரத்தில், கரை யாருடையது என்பதை வரைபடம்தான் சொல்லும்.

அடுத்து பரப்பளவு. பதிவேட்டில் சதுர மீட்டரில் இருக்கும். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 98.5 சதுர மீட்டர் என்று இருந்தால் சுமார் 1060 சதுர அடி. 1 கிரவுண்டு 2400 சதுர அடி, 1 சென்ட் 435.6 சதுர அடி. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போடுவதைவிட நீங்களே பெருக்கிப் பார்த்தால் தசமப் புள்ளி தப்பாது.

8. இப்போது டேப்பை எடுங்கள்

30 மீட்டர் டேப், கூட ஒரு ஆள், நீங்கள் போட்ட சதுரப் படம். மூன்றும் போதும்.

முதலில் திசை. வடசென்னைத் தெருக்கள் பல நேர் வடக்கு தெற்காக ஓடுவதில்லை. கடற்கரையை ஒட்டிச் சாய்ந்தே போகின்றன. பத்திரம் எழுதியவர்கள் கடல் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்துத்தான் எழுதினார்கள். போன் காம்பஸில் சில பாகை விலகுகிறது என்று எல்லையைச் சந்தேகப்படாதீர்கள். இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் அந்த முள் எதையும் சரியாகக் காட்டாது.

எங்கிருந்து எங்கே அளப்பது? சுவர் உங்களுடையது என்றால் அதன் வெளிப்பக்கம்வரை. பொதுச் சுவர் என்றால் நடுவரை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் என்றால் அதன் உங்கள் பக்கத்து முகம்வரை. இது சின்ன விஷயம் இல்லை. 9 அங்குலச் சுவர், 50 அடி நீளம் என்றால் அது மட்டும் 37.5 சதுர அடி. தெருப்பக்கம் படியும் சாய்தளமும் பெரும்பாலும் தெருவில்தான் இருக்கும்; அவற்றைச் சேர்த்து அளக்கக் கூடாது.

அங்குலத்தைக் கவனியுங்கள். 20 அடி 6 அங்குலம் என்பது 20.5 அடி, 20.6 இல்லை. 9 அங்குலம் என்பது 0.75 அடி. பத்திர எழுத்தர்களிடமே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு பக்கம் அளந்ததும் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு அளவு கட்டாயம் எடுங்கள். காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன். வடக்கு 20, தெற்கு 22, கிழக்கு 50, மேற்கு 51 அடி. எதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் 21 × 50.5, அதாவது 1060.5 சதுர அடி. பத்திரங்களில் இப்படித்தான் போட்டிருப்பார்கள். மனையின் மூலைகள் ஏறத்தாழ செங்கோணமாக இருந்தால் இது ஏறக்குறைய சரி. மனை சாய்ந்திருந்து, வடகிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைவரை குறுக்களவு 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் வருவது சுமார் 1031 சதுர அடி. நான்கு பக்க அளவும் பத்திரத்தோடு அச்சாகப் பொருந்தியும் கிட்டத்தட்ட 30 சதுர அடி குறைகிறது. சாய்வான தெருக்களில் மனைகளும் சாய்ந்திருப்பதால் வடசென்னையில் இதை விட்டுவிட முடியாது.

9. பொருந்தவில்லை என்றால்

எந்த வகையில் பொருந்தவில்லை என்று முதலில் பிரியுங்கள். எல்லைகள் சரி, அளவு மட்டும் சற்றுக் குறைவு என்றால், தெளிவான எல்லைகள் எழுதப்பட்டிருக்கும் இடத்தில் கோர்ட்டுகள் பொதுவாக அளவைவிட எல்லைக்கே மதிப்புத் தருகின்றன. அதற்காக நீங்கள் முழு அளவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கும் அளவுக்கு விலை பேசுங்கள்.

எல்லையே இடிக்கிறது என்றால், அரசு சர்வேயரை வைத்து அத்து காட்டச் சொல்லி, அதாவது எல்லையை அளந்து காட்டச் சொல்லி, விண்ணப்பியுங்கள். விற்பவர் பெயரில் விண்ணப்பம் போகட்டும், உரிமையாளர் அவர்தான். இணையவழியிலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். அளக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அறிவிப்புப் போகும். அந்த நாளில் அவர்கள் நேரில் இருப்பது உங்களுக்கும் நல்லது. பின்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல இடமிருக்காது. தனியார் சர்வேயரின் படம் உங்கள் தெளிவுக்கு உதவும், தகராறில் அதற்கு அவ்வளவு எடை இல்லை.

சர்வே கல் எங்காவது தென்பட்டால் அதைத் தொடாதீர்கள். சிமென்ட் பூசி மூடுவதும் பிடுங்கி ஓரமாக வைப்பதும் குற்றம். போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில்தான் பிழை என்று உறுதியானால், பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதில் அந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவரும் கையெழுத்திட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள். ஆகவே இது நீங்கள் வாங்குவதற்கு முன்பே, விற்பவர் செலவில் முடிய வேண்டிய வேலை. முன்பணம் கொடுத்துவிட்டால் யாரும் வாரிசுகளைத் தேடி அலைய மாட்டார்கள்.

10. உங்கள் பத்திரத்தில் எப்படி எழுத வைப்பது

பழைய செக்குபந்தியை அப்படியே நகலெடுக்க விடாதீர்கள். அதை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது, தாய்ப் பத்திரத்தோடு தொடர்பு அறுந்துவிடும். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: முந்தைய பத்திரப்படி நான்கெல்லை, தற்போதைய நான்கெல்லை.

தற்போதைய எல்லையில் ஆள் பெயர் மட்டும் போட வேண்டாம். கதவு எண் புதியது பழையது இரண்டும், டி.எஸ். எண்ணும் சேரட்டும். “காலி மனை” என்று எழுதினால் அடுத்த வருடமே அங்கே வீடு வந்துவிடும். நான்கு திசைக்கும் ஒரே விதமான நடை, “வடக்கில், தெற்கில்” என்றே இருக்கட்டும். சுவர் யாருடையது, சந்தில் யாருக்கு நடக்கும் உரிமை, குழாய் போகும் வழி எது என்பதைத் தனி வாக்கியங்களாகச் சேருங்கள்.

பதிவுக்கு முந்தைய நாள் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் போய் நின்று ஒவ்வொரு திசையாகப் படித்துப் பாருங்கள். பதிவு முடிந்ததும் வில்லங்கச் சான்றை ஒருமுறை எடுங்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போது எல்லை விவரத்தில் திசை மாறியிருந்தால், உடனே மனு கொடுத்தால் திருத்துவது எளிது. பட்டா மாறுதல் ஆணை வந்ததும் அதிலுள்ள பரப்பையும் உட்பிரிவு எண்ணையும் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். பலர் பெயர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக வந்திருந்தால் தனிப் பட்டாவுக்கு உட்பிரிவு கேட்டு அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.